ஐ.ஐ.டி-யின் முதல் இயக்குநர் விட்டுச்சென்ற கேள்வி: ஜே.சி.கோஷும் கம்ப்யூட்டருக்குள் வந்த கோபால்ட்டும்

எரியோட்டிலிருந்து வேடசந்தூருக்கு ஒரு பைக் கிளம்புகிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய பிஎஸ்-6 வண்டி. இன்ஜினில் பாதி எரிந்த பெட்ரோலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வருகிறது. ஆனால் அது அப்படியே வெளியே வந்துவிடுவதில்லை. புகைக்குழாய்க்குள் தேன்கூடு மாதிரி ஒரு அடைப்பு இருக்கிறது. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் மிக மிக மெல்லிசாகப் பூசப்பட்டிருக்கும். அதைத் தொட்டுப் போகிற நேரத்துக்குள் கார்பன் மோனாக்சைடின் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக மாறிவிடுகிறது. உலோகம் மட்டும் கரைவதும் இல்லை, தீர்வதும் இல்லை.

இதைத்தான் வினையூக்கி என்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் படித்திருப்போம்: வினையை வேகப்படுத்தும், தான் மாறாது. சரி, எப்படி வேகப்படுத்துகிறது? அந்தக் கண நேரத்தில் உலோகத்தின் மேல் என்னதான் நடக்கிறது? இந்தக் கேள்விக்கு இன்று சூப்பர் கம்ப்யூட்டர்களை வைத்து விடை தேடுகிறார்கள். கம்ப்யூட்டர் என்ற பொருளே இல்லாத காலத்தில், கண்ணாடிக் குழாயையும் பாதரசத்தையும் மட்டுமே நம்பி ஆய்வுக்கூடங்கள் நடந்த நாளில், பெங்களூரில் இதே கேள்வியைக் கேட்டவர் ஒருவர் இருந்தார். பெயர் ஞான சந்திர கோஷ். சுருக்கமாக ஜே.சி.கோஷ். காரக்பூர் ஐ.ஐ.டி-யின் முதல் இயக்குநர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். அதற்கு முன் அவருக்கு இன்னொரு கதை இருக்கிறது.

யார் இந்த கோஷ்?

1894 செப்டம்பர் 4 அன்று, இன்றைய மேற்கு வங்கத்தின் புருலியாவில் பிறந்தவர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் படித்தார். அங்கே அவருடைய ஆசிரியர் பிரபுல்ல சந்திர ராய். வங்கத்தில் மருந்து, ரசாயனத் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர். பாடம் நடத்துவதோடு நிறுத்தாமல், மாணவர்களை ஆய்வுக்குள் இழுத்துவிடுகிற ஆசிரியர்.

கோஷின் செட்டைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாஹா இருவரும் அதே காலத்தில் அதே கல்லூரியில் படித்தவர்கள். போஸின் பெயரில்தான் இன்று போசான் துகள் இருக்கிறது. நட்சத்திர ஒளியை வைத்து அதன் வெப்பநிலையைப் படிக்க வழி சொன்னது சாஹா சமன்பாடு. 1915-ல் முதுகலை முடித்த இந்தப் பையன்களை, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் புதிய அறிவியல் கல்லூரிக்கு ஆசிரியர்களாக எடுத்துக்கொண்டார் அசுதோஷ் முகர்ஜி. எல்லோருக்கும் வயது இருபதுகளின் தொடக்கம்தான்.

24 வயதில் ஒரு மாடல்

கோஷ் கையில் எடுத்தது உப்புத் தண்ணீர். கேட்க சாதாரணமாக இருக்கும். அன்றைய வேதியியலில் அது ஒரு பெரிய தலைவலி.

உப்பைத் தண்ணீரில் கரைத்தால் அதில் மின்சாரம் பாயும். ஸ்வீடனைச் சேர்ந்த அர்ரேனியஸ் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்து, 1903-ல் நோபல் பரிசும் வாங்கியிருந்தார். கரைந்த பொருளில் ஒரு பகுதி மட்டும் பிளஸ், மைனஸ் அயனிகளாகப் பிரிகிறது, மீதி பிரியாமல் இருக்கிறது என்பது அவர் விளக்கம். வினிகருக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. சமையல் உப்புக்குப் பொருந்தவில்லை. அளந்த எண் ஒன்று, கணக்கு சொன்ன எண் வேறொன்று.

இதற்கிடையே இங்கிலாந்தில் பிராக் தந்தையும் மகனும், எக்ஸ்ரே கதிரை வைத்து உப்புப் படிகத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டார்கள். அங்கே உப்பு மூலக்கூறு என்று தனியாக ஒன்று இல்லை. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மாறி மாறி, சதுரங்கக் கட்டம் போல அடுக்கப்பட்டிருந்தன. கோஷ் இதைப் பிடித்துக்கொண்டார். படிகத்திலேயே எல்லாம் அயனியாக இருக்கும்போது, தண்ணீரில் மட்டும் ஏன் பாதி பிரியாமல் இருக்க வேண்டும்? எல்லாமே பிரிந்துதான் இருக்கின்றன. ஆனால் தண்ணீருக்குள்ளும் அவை ஏறக்குறைய அதே கட்ட வரிசையில், இடைவெளி மட்டும் அதிகமாகி நிற்கின்றன என்று வைத்துக்கொண்டார். ஒரு அயனியை இன்னொன்றின் இழுப்பிலிருந்து விடுவிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று கணக்குப் போட்டார். 1918-ல் லண்டன் வேதியியல் சங்கத்தின் இதழில் அந்தக் கட்டுரைகள் வந்தன.

அப்போது அவருக்கு வயது 24. ஐரோப்பாவின் பெரிய வேதியியலாளர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாராட்டும் வந்தது, விமர்சனமும் வந்தது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் டோனன் என்ற பேராசிரியரிடம் ஆய்வு செய்யப் போனார். 1921-ல் டாக்கா பல்கலைக்கழகம் தொடங்கியபோது, வேதியியல் பேராசிரியராக அங்கே சேர்ந்தார். நண்பர் போஸும் அதே ஆண்டு டாக்காவுக்கு வந்துவிட்டார்.

1923-ல் விழுந்த அடி

இரண்டு வருடம்தான். டிபை, ஹக்கல் என்ற இரண்டு பேர் 1923-ல் ஒரு புதிய கோட்பாட்டை வெளியிட்டார்கள். அயனிகள் முழுமையாகப் பிரிந்திருக்கின்றன என்பதில் கோஷோடு அவர்களுக்குக் கருத்து வேறுபாடு இல்லை. கட்ட வரிசையில் நிற்கின்றன என்பதைத்தான் மறுத்தார்கள்.

வித்தியாசத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம். கோஷ் நினைத்தது பள்ளிக்கூடக் காலை வழிபாட்டுக் கூட்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இடம், கை நீட்டிப் பார்த்து இடைவெளி. டிபை, ஹக்கல் நினைத்தது வாரச்சந்தை. யாரும் ஒரு இடத்தில் நிற்பதில்லை. ஆனாலும் தக்காளிக் கடையைச் சுற்றி சராசரியாக வாங்குகிறவர்கள் கொஞ்சம் அதிகம் இருப்பது போல, ஒரு பிளஸ் அயனியைச் சுற்றி மைனஸ் அயனிகள் கொஞ்சம் அதிகம் இருக்கும். சூட்டில் எல்லாம் அலைந்துகொண்டே இருக்கும்.

இது வெறும் கற்பனை வித்தியாசம் இல்லை. கணக்கில் தெரிந்துவிடும். கட்ட வரிசை என்றால், உப்பின் செறிவை மாற்றும்போது விளைவு செறிவின் கனமூலத்தைப் பின்தொடர வேண்டும். சந்தைக் கூட்டம் என்றால் வர்க்கமூலத்தைப் பின்தொடரும். மிகவும் நீர்த்த கரைசல்களில் அளந்து பார்த்தபோது எண்கள் வர்க்கமூலத்தின் பக்கம் நின்றன. கோஷின் மாடல் பாடப்புத்தகங்களிலிருந்து மெல்ல மறைந்தது. இன்று கல்லூரியில் டிபை–ஹக்கல் படிக்கிறவர்களில் பலருக்கு கோஷின் பெயரே தெரியாது.

ஆனால் அவர் சொன்னதில் பாதி நிலைத்தது. வலிமையான மின்பகுளிகள் முழுமையாகப் பிரிந்திருக்கின்றன என்பது இன்றும் பாடம். தவறியது அயனிகள் நிற்கும் விதம் பற்றிய அனுமானம். மாடல் என்றாலே இந்த ஆபத்து உண்டு. எண்கள் கொஞ்ச தூரம் சரியாக வரும். அதனாலேயே அடியில் இருக்கும் படமும் சரி என்று நம்பிவிடுவோம். இந்தப் பாடத்தை நினைவில் வையுங்கள், கம்ப்யூட்டருக்கு வரும்போது தேவைப்படும்.

பெங்களூரும் பெட்ரோல் பஞ்சமும்

டாக்காவில் 18 ஆண்டுகள் இருந்தார் கோஷ். ஒளியால் நடக்கும் வேதிவினைகள், வினையூக்கிகள் என்று ஆய்வு நகர்ந்தது. 1939-ல் லாகூரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைவர். அதே ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். சுலபமான நாற்காலி இல்லை அது. சி.வி.ராமன் 1937-ல் சர்ச்சைகளுக்கு நடுவே இயக்குநர் பதவியை விட்டு விலகியிருந்தார். ஆனால் இயற்பியல் பேராசிரியராக அதே வளாகத்தில்தான் இருந்தார்.

கோஷ் வந்த ஆண்டே இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் போனது. இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன்.

அந்தக் காலத்தைத் தமிழ்நாட்டில் கரி பஸ் காலம் என்பார்கள். உங்கள் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருக்கலாம். பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய உருளை அடுப்பு. அதில் அடுப்புக்கரியைப் போட்டு, காலையில் கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதினால் வாயு வரும். அதை வைத்து இன்ஜின் ஓடும். மதுரையில் டி.வி.எஸ் நிறுவனமே இந்தக் கரிவாயுக் கருவிகளைத் தயாரித்தது. எரியோடு, வேடசந்தூர், திண்டுக்கல் எல்லாம் அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தன. தனி மாவட்டம் ஆனது 1985-ல்.

அந்தக் கரிவாயுவில் எரிகிற பொருள் என்ன தெரியுமா? முக்கியமாகக் கார்பன் மோனாக்சைடு, கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன். பைக் சைலன்சரில் நாம் பார்த்த அதே விஷவாயுதான். இதே இரண்டு வாயுக்களை நேரடியாக எரிக்காமல், ஒரு உலோகத்தின் மேல் செலுத்தினால் திரவ எரிபொருள் கிடைக்கும் என்று 1920-களிலேயே ஜெர்மனியில் ஃபிஷர், டிராப்ஷ் இருவரும் காட்டியிருந்தார்கள். கார்பன் மோனாக்சைடில் இருந்து கார்பனை எடுத்து, ஒன்றோடு ஒன்றைக் கோத்து, ஹைட்ரஜனைச் சேர்த்து சங்கிலியாக்குவது. டீசலும் பெட்ரோலும் இந்தச் சங்கிலிகள்தான். வினையூக்கி கோபால்ட் அல்லது இரும்பு. சூடு சுமார் 200 முதல் 240 டிகிரி செல்சியஸ். இரும்புக்கு இன்னும் கூடலாம். எண்ணெய் வளம் இல்லாத ஜெர்மனி, போர்க்காலத்தில் இந்த முறையில் 9 ஆலைகளை ஓட்டியது.

இந்தியாவிலும் எண்ணெய் குறைவு, நிலக்கரி நிறைய. கோஷ் இதை எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. எம்.வி.சி.சாஸ்திரி உள்ளிட்ட இளைய ஆய்வாளர்களைச் சேர்த்துக்கொண்டு ஃபிஷர்–டிராப்ஷ் வினையூக்கிகளைப் பற்றி பெங்களூரில் ஆய்வைத் தொடங்கினார். 1943-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அவர் காலத்தில்தான் அந்தக் கழகத்தில் வானூர்திப் பொறியியல் துறை 1942-ல் வந்தது. பொறியியலுக்கு அங்கே இன்னும் பெரிய இடம் கிடைத்தது.

கோபால்ட் மேல் யார் முதலில் உட்காருகிறார்கள்?

ஒரு உலோகம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கல்யாணப் பந்தியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். இலை போட்ட இடங்கள் இருக்கின்றன. விருந்தாளி வந்து உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், எழுந்து போக வேண்டும். அப்போதுதான் அடுத்த பந்தி. யாருமே உட்காரவில்லை என்றால் பந்தி நடக்காது. உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்றாலும் பந்தி நடக்காது.

உலோகத்தின் மேற்பரப்பும் இப்படித்தான். வாயு மூலக்கூறு வந்து ஒட்ட வேண்டும். ஒட்டும்போது அதன் உள் பிணைப்பு தளர வேண்டும். பக்கத்தில் இருப்பதோடு சேர வேண்டும். பிறகு கிளம்பிவிட வேண்டும். ரொம்ப இறுக்கமாகவும் ஒட்டக்கூடாது, ரொம்ப லேசாகவும் ஒட்டக்கூடாது. இதைத் தெளிவாகச் சொன்னவர் பிரான்ஸின் பால் சபாத்தியே. நிக்கலை வைத்து ஹைட்ரஜனைச் சேர்க்கும் முறைக்காக 1912-ல் நோபல் பரிசு பெற்றவர். எண்ணெயை வனஸ்பதியாக மாற்றும் தொழில் அந்த வழியில் வந்ததுதான்.

கோஷும் சாஸ்திரியும் அளந்தது இந்த ஒட்டுதலைத்தான். இந்த மாதிரி அளவீட்டை எப்படிச் செய்வார்கள் என்றால், வினையூக்கிப் பொடியை ஒரு கண்ணாடிக் கலத்தில் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். பிறகு அளவு தெரிந்த வாயுவை உள்ளே விடுவார்கள். வாயு உலோகத்தில் ஒட்ட ஒட்ட அழுத்தம் குறையும். பாதரசக் குழாயில் அந்தக் குறைவைப் படித்தால், எவ்வளவு ஒட்டியது என்று கணக்கு வந்துவிடும். ஹைட்ரஜனைத் தனியாக, கார்பன் மோனாக்சைடைத் தனியாக, பிறகு இரண்டையும் கலந்து.

கேள்வி இதுதான்: கார்பன் மோனாக்சைடு முதலில் தானாகவே கார்பனாகவும் ஆக்சிஜனாகவும் உடைந்து, பிறகு கார்பன் மேல் ஹைட்ரஜன் ஏறுகிறதா? அல்லது உடையாமல் இருக்கும்போதே ஹைட்ரஜன் வந்து கைகொடுத்து, அதன்பிறகு உடைகிறதா? ஃபிஷரும் டிராப்ஷும் முதல் வழியைச் சொல்லியிருந்தார்கள். கோஷ், சாஸ்திரி, கினி மூவரும் கலவை வாயுவின் ஒட்டுதல் பற்றி 1952-ல் ஒரு அமெரிக்க இதழில் எழுதினார்கள். கோபால்ட் மேல் இரண்டு வாயுக்களும் ஒன்றை ஒன்று பாதிக்கின்றன, மேற்பரப்பில் சேர்ந்து ஒரு கூட்டாக நிற்கலாம் என்ற பார்வைக்கு இத்தகைய அளவீடுகள் இடம் கொடுத்தன.

இதற்கு மேல் போக பாதரசத்தால் முடியாது. காரணம் எளிது. ஒரு கிராம் கோபால்ட்டில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை 1-க்குப் பின்னால் 22 சைபர். அழுத்தமானி சொல்வது அந்தக் கூட்டத்தின் மொத்தக் கணக்கை. எந்த அணுவின் மேல் எந்த மூலக்கூறு எப்படிச் சாய்ந்து நின்றது என்று அது சொல்லாது. மண்டபத்தில் எத்தனை இலை விழுந்தது என்று தெரியும், யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று தெரியாது.

ஹிஜ்லி சிறையிலிருந்து ஐ.ஐ.டி

1948-ல் கோஷ் பெங்களூரை விட்டு மத்திய அரசின் தொழில், வழங்கல் துறைப் பொறுப்புக்குப் போனார். அடுத்த அழைப்பு வித்தியாசமானது. நாட்டுக்கு உயர்தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் வேண்டும் என்று நளினி ரஞ்சன் சர்க்கார் குழு பரிந்துரைத்திருந்தது. முதலாவது காரக்பூருக்குப் பக்கத்தில் ஹிஜ்லியில். கட்டடம் என்று இருந்தது, பிரிட்டிஷ் அரசு விடுதலைப் போராளிகளை அடைத்து வைத்த பழைய தடுப்பு முகாம். 1931-ல் அங்கே காவலர்கள் சுட்டதில் இரண்டு கைதிகள் இறந்திருந்தார்கள்.

அந்த முகாமைக் கல்லூரியாக மாற்றும் பொறுப்பு கோஷுக்கு வந்தது. 1951-ல் வகுப்புகள் தொடங்கின. முதல் ஆண்டு மாணவர்கள் 224 பேர், ஆசிரியர்கள் 42 பேர். அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று மௌலானா ஆசாத் முறைப்படி திறந்து வைத்தார். 1954 வரை கோஷ் அங்கே இருந்தார். அந்த ஆண்டு பத்ம பூஷண். பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர், அடுத்து திட்டக்குழு உறுப்பினர். ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. 1959 ஜனவரி 21 அன்று காலமானார்.

அதே ஆண்டு ஜூலையில் சென்னை ஐ.ஐ.டி திறக்கப்பட்டது. அதன் வேதியியல் துறையின் தொடக்க காலத் தலைவர் யார் தெரியுமா? பெங்களூரில் கோஷோடு வேலை செய்த அதே எம்.வி.சி.சாஸ்திரி. வினையூக்கி ஆய்வை அவர் அங்கே ஊன்றினார். அந்த மரபில்தான் 2006-ல் தேசிய வினையூக்கி ஆய்வு மையம் சென்னை ஐ.ஐ.டி-யிலேயே அமைந்தது.

சரி, கம்ப்யூட்டர் எங்கே வருகிறது?

கோஷ் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1964-லும் 65-லும் வால்டர் கோன் தன் சகாக்களோடு இரண்டு கட்டுரைகள் எழுதினார். இன்றைய வினையூக்கி மாடலிங் பெரும்பாலும் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

பிரச்சினை என்னன்னா, ஒரு மூலக்கூறு உலோகத்தில் எப்படி ஒட்டும் என்பதை முடிவு செய்வது எலக்ட்ரான்கள். குவாண்டம் இயற்பியலில் அதற்கான சமன்பாடு 1926-லிருந்தே இருக்கிறது. ஆனால் தீர்க்க முடியாது. 36 கோபால்ட் அணுக்கள், மேலே ஒரு கார்பன் மோனாக்சைடு என்று வைத்துக்கொள்வோம். கோபால்ட்டுக்கு 27 எலக்ட்ரான்கள், மேலே இருப்பதற்கு 14. மொத்தம் 986. ஒவ்வொன்றும் எங்கே என்று சொல்ல மூன்று எண்கள். ஆக, 2,958 மாறிகள் கொண்ட ஒரே சமன்பாடு! உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேர்த்தாலும் நேரடியாக முடியாது.

கோன் காட்டிய வழி: ஒவ்வொரு எலக்ட்ரானையும் பின்தொடர வேண்டாம். எந்த இடத்தில் எலக்ட்ரான் கூட்டம் எவ்வளவு அடர்த்தி என்பது மட்டும் தெரிந்தால் போதும், மொத்த ஆற்றலும் அதிலேயே அடங்கிவிடும். அடர்த்திக்கு மூன்று மாறிகள்தான். இதற்கு அடர்த்திச் சார்புக் கோட்பாடு என்று பெயர். 1998-ல் வேதியியல் நோபல் பரிசு.

நடைமுறையில் ஆய்வாளர்கள் இப்படிச் செய்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் நாலைந்து அடுக்கு கோபால்ட் அணுக்களை அடுக்கி ஒரு தளம் செய்வார்கள். மேலே மூலக்கூறை ஒரு இடத்தில் வைத்து ஆற்றலைக் கணக்கிடுவார்கள். கொஞ்சம் நகர்த்தி மறுபடி கணக்கு. உடைவதற்கு முன், உடைந்த பின், நடுவில் ஏற வேண்டிய மேட்டின் உயரம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பார்கள். அந்த மேடுதான் வினையின் வேகத்தை முடிவு செய்கிறது. கொடைக்கானலுக்குப் பல பாதைகள் இருந்தாலும், ஏற்றம் குறைந்த பாதையில்தான் வண்டி அதிகம் போகும் இல்லையா? அதே கதை.

கோஷின் கேள்வி இங்கே நேராக உயிர் பெறுகிறது. கார்பன் மோனாக்சைடு தானாக உடைவது ஒரு பாதை, ஹைட்ரஜன் கைகொடுத்து உடைவது இன்னொரு பாதை. இரண்டின் மேட்டையும் தனித்தனியாகக் கணக்கிடலாம். செய்தும் பார்த்திருக்கிறார்கள். சமதளமான கோபால்ட் பரப்பில் ஹைட்ரஜன் கைகொடுக்கும் பாதை சுலபம் என்று பல கணக்கீடுகள் சொல்கின்றன. ஆனால் பரப்பில் படிக்கட்டு போன்ற விளிம்புகள் இருந்தால், அங்கே மூலக்கூறு தானாகவே உடையலாம் என்று வேறு கணக்கீடுகள் சொல்கின்றன. ஆக, உலோகம் எது என்பதோடு அதன் மேடு பள்ளமும் முக்கியம். விவாதம் இன்னும் முடியவில்லை.

கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

கோஷின் உப்புக் கதை இங்கேதான் திரும்ப நினைவுக்கு வர வேண்டும். அடர்த்திக் கோட்பாடு கொள்கையளவில் துல்லியமானது. ஆனால் அதில் ஒரு சிறு பகுதியின் சரியான வடிவம் யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் தோராயம்தான் போடுகிறார்கள். கோஷ் கட்ட வரிசையை அனுமானித்தது போல, இங்கேயும் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது.

அது காலை வாரிய பிரபலமான சம்பவம் ஒன்று உண்டு. பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு எங்கே உட்காரும்? இதைவிட எளிய கேள்வி இந்தத் துறையில் இல்லை. ஒரு அணுவின் நேர் உச்சியில் என்றது சோதனை. மூன்று அணுக்களுக்கு நடுவே உள்ள குழியில் என்றது கம்ப்யூட்டர். ஒரு கணக்கு இல்லை, திரும்பத் திரும்பச் செய்த பல கணக்குகள். 2001-ல் இதைப் புதிர் என்றே பெயரிட்டு ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. சோதனைதான் சரி. தோராயத்தின் குறையைக் கண்டுபிடித்துத் திருத்தும் முறைகள் பிறகுதான் வந்தன.

சின்னப் பிழைதானே என்று விடவும் முடியாது. மேட்டின் உயரத்தில் 0.2 எலக்ட்ரான் வோல்ட் தவறினால், சுமார் 227 டிகிரி செல்சியஸில் வினையின் வேகம் 100 மடங்கு மாறிவிடும். பத்து ரூபாய் என்று நினைத்தது ஆயிரம் ரூபாயாக வந்து நிற்கும்.

அதே சமயம் வெற்றிகளும் இருக்கின்றன. 2005-ல் டென்மார்க் ஆய்வாளர்கள், ருத்தேனியம் உலோகத்தின் மேல் அம்மோனியா எவ்வளவு வேகத்தில் உருவாகும் என்று பெரும்பாலும் கணக்கீட்டை வைத்தே சொன்னார்கள். சோதனையோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் 3 முதல் 20 மடங்கு. கேட்க அதிகமாகத் தெரியலாம். ஆனால் எந்த உலோகம் நல்லது, எது உதவாது என்று வரிசைப்படுத்த இது பெரிய உதவி. ஆயிரம் உலோகக் கலவைகளையும் செய்து பார்ப்பதற்குப் பதிலாக, பத்தை மட்டும் செய்து பார்த்தால் போதும். சபாத்தியே சொன்ன ஒட்டுதல் கணக்கை வைத்து, ரொம்ப இறுக்கம், ரொம்ப லேசு இரண்டையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதைப் பொறுக்கி எடுக்கிறார்கள்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

கோஷ் நினைத்த நிலக்கரி பெட்ரோல் இந்தியாவில் அவர் காலத்தில் பெரிதாக வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் வந்தது. சசோல் ஆலை 1955-லிருந்து அதைச் செய்கிறது. இந்தியா இப்போது 2030-க்குள் 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக மாற்றும் இலக்கு வைத்திருக்கிறது. அந்த வாயுவும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும்தான். நிலக்கரிக்குப் பதிலாக விவசாயக் கழிவிலிருந்து அதே வாயுவை எடுத்து விமான எரிபொருள் செய்யும் முயற்சிகளும் உலகம் முழுக்க நடக்கின்றன. நிலக்கரி வழியில் கார்பன் வெளியேற்றம் அதிகம் என்ற விமர்சனம் நியாயமானது. எந்த வழியாக இருந்தாலும் நடுவில் நிற்பது அதே கோபால்ட், அதே இரும்பு, அதே கேள்வி.

இந்தத் துறைக்குள் வர பெரிய ஆய்வுக்கூடம் கட்டாயம் இல்லை என்பது இன்னொரு செய்தி. குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறின் ஆற்றலைச் சாதாரண லேப்டாப்பிலேயே கணக்கிடலாம். எரியோட்டில் இருக்கும் ஒரு எம்.எஸ்ஸி மாணவர் இன்று இரவே தொடங்கலாம். கோபால்ட் தளம், படிக்கட்டு விளிம்பு என்று போகும்போதுதான் பெரிய கணினி வேண்டும்.

அந்தப் பெரிய கணினிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் ஒரு பொருத்தம் தெரிகிறது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பரம் பிரவேகா இருக்கிறது. நொடிக்கு 3.3 பெட்டாஃப்ளாப், அதாவது 3,300 லட்சம் கோடி கணக்குகள். காரக்பூர் ஐ.ஐ.டி-யில் பரம் சக்தி, 1.66 பெட்டாஃப்ளாப். இரண்டும் 2022-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டவை. இரண்டுமே ஜே.சி.கோஷ் இயக்குநராக இருந்த வளாகங்கள்.

அங்கே ஓடும் கணக்குகள் சொல்வதை நம்புவதா என்பதை, கடைசியில் கண்ணாடிக் கலத்தில் வாயுவை விட்டு அளந்து பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். கோஷின் முதல் மாடலைக் கீழே இறக்கியதும் அளவீடுதான். இரண்டாவது முறை அவர் அளவீட்டின் பக்கம் நின்றார்.